எண்ணெய் பூசின பிறகு

காந்தலூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள இன்பமேரி அக்காவுக்கு உன் தம்பி மிக்கேல் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நல்லா இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உங்கள் ஜெப இல்லத்தில் போன் கூடாது என்பதால் பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ வருஷம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். தபாலாபீசில் இன்லண்ட் கேட்டால் அந்தப் பிள்ளை என்னைக் காட்டிலிருந்து இறங்கி வந்தவனைப் போலப் பார்க்கிறாள். வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் சாயங்கால ஜெபத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பீர்கள் என்று போகும்போது சொன்னாய். அப்படியானால் கேட்டுக்கொண்டிருக்கிற சகோதரிகளுக்கும் நாற்காலியில் இருக்கிற மூப்பர் ஞானாபரணம் ஐயாவுக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கன். ஜீப்பில் மாதா படம் ஒட்டியிருக்கிறேன். பீடி குடிப்பேன். இப்போதே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் திடுக்கிட வேண்டாம்.

அக்கா, நீ ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துப் போய் ஆறு மாசம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்காவது அனுப்புவார்களா? பூண்டு எடுத்தாயிற்று. மழையில் பாதி அழுகிவிட்டது. லோடு ஏற்ற மறையூர், உடுமலை என்று ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுது. அம்மா தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறாள். அவர் இப்போது வேறு பாதையில் போகிறார்.

உன் தம்பி
மிக்கேல்


ஜெப இல்லம், எலப்புள்ளி
25 செப்டம்பர் 2024

என் அருமைத் தம்பி மிக்கேலுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

அவருடைய கிருபையால் நான் பூரண சுகமாயிருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை மூப்பர் ஐயாவே வாசித்தார். பீடி என்ற இடத்தில் சகோதரிகள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். நீ நினைக்கிற மாதிரி மனுஷர் இல்லை.

ஆடி மழையில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சலும் இருமலும் இருந்தது. ஐயா தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அடுத்த ஞாயிறே, சுகமானேன் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்களுக்கு மருந்து மாத்திரை இல்லை என்று உனக்குத் தெரியும். எண்ணெய் பூசின பிறகு வியாதியை வாயால் சொல்வதும் இல்லை. சொன்னால் கொடுத்த சுகத்தைத் திருப்பிக் கொடுத்தது போல ஆகும். அதுதான் இங்கே கீழ்ப்படிதல்.

இப்போது பாட்டுக் குழுவில் நான் இல்லை, சமையலில் இருக்கிறேன். பாடுவதற்கு வேறு நல்ல குரல்கள் இருக்கின்றன. என்னோடு அறையில் நிமி என்று ஒரு பிள்ளை. இந்த ஊர்க்காரி, பத்தொன்பது வயசு. "ஏனுங்க்கா, உங்கூர்ல நெசமாவே ஆப்பிள் காய்க்குதுங்களா?" என்று தினமும் கேட்பாள். என் பாயை விட்டு நகர மாட்டாள்.

கிறிஸ்துமஸ் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லை. பழுப்புக் கம்பளி ஒன்று பெட்டியில் இருக்கும். முடிந்தால் அனுப்பு.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அக்கா
இன்பமேரி


காந்தலூர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

கம்பளியை அனுப்பியிருக்கிறேன். எலப்புள்ளியில் எதற்கு அக்கா கம்பளி? நான் லோடு இறக்க அந்தப் பக்கம் வரும்போது ராத்திரியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டி மேலே படுக்கிறவன். அங்கே குளிர்கிறது என்றால் அது ஊர்க் குளிர் இல்லை, உடம்புக் குளிர். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா? இன்னும் இருமல் இருக்கிறதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

கீழ்ப்படிதல் என்று எழுதியிருந்தாய். நம்ம சனத்துக்கு அதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்குக் கீழ்ப்படிந்தார். அப்பா துரைக்கும் அப்புறம் சூப்பர்வைசருக்கும் கீழ்ப்படிந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுத்தபோது அதற்கும் கீழ்ப்படிந்து முழுங்கினார். மரியஜோசப் நல்ல தொழிலாளி என்று அப்பாவின் சவ அடக்கத்துக்கு வந்த மானேஜர் சொன்னார். நாற்பது வருஷம் வாய் திறக்காத மனுஷனை வேறு என்ன சொல்வார்? லயத்து வீட்டுச் சாவியை அதே மாசம் வாங்கிக்கொண்டார்கள். நாம் சாமான்களோடு ரோட்டில் நின்றோம். உனக்கு மறந்துவிட்டதா?

இப்போது உனக்கு ஒரு மூப்பர். ஐயா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஏற்கனவே நிறையப் பேர் கீழ்ப்படிந்து செத்திருக்கிறார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் உன் தம்பிதான்.

மிக்கேல்


ஜெப இல்லம், எலப்புள்ளி
10 நவம்பர் 2024

அருமைத் தம்பிக்கு ஸ்தோத்திரம். நான் சுகம்.

கம்பளி வந்தது. நிமியும் நானும் சேர்ந்து போர்த்திக்கொள்கிறோம். ரவிக்கைகளை எல்லாம் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தேன், பழையபடி நன்றாக இருக்கின்றன. வெளியே ஆட்டுக்குத் தழை வெட்டப் போகும் வேலையை ஐயா வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்தான்.

உன் கடிதத்தை முழுக்க வாசித்தார்கள். ஒரு வரியும் விடவில்லை. வாசித்து முடித்ததும் ஐயா என்னைப் பார்த்து, "உங்கள் அப்பாவுக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நம்ம அப்பாவின் பேரை இத்தனை பேர் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்பா துரைக்குப் பயந்து கீழ்ப்படிந்தார். நான் பயந்து வரவில்லை மிக்கேல். உன் மச்சான் என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனபோது ஊரில் எல்லோரும் என்ன கேட்டார்கள்? நீ என்ன செய்தாய், ஏன் போனான் என்றார்கள். கோயிலில்கூட எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இங்கே வந்த அன்றைக்கு ஒருத்தரும் புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். தேவன் நல்லவர் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தட்டுச் சோற்றில் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னால் கேட்பேன்.

நீ கேட்ட மற்றதற்கு எழுத ஒன்றும் இல்லை.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இன்பமேரி


காந்தலூர்
2 டிசம்பர் 2024

அக்கா,

உன்னைப் பார்த்துவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். வழி நெடுக என்ன நினைத்தேன் என்று எழுதாவிட்டால் தூக்கம் வராது.

முட்டைக்கோஸ் லோடு என்று அம்மாவிடம் சொன்னேன். லோடு பொள்ளாச்சிக்கு மட்டும்தான். மிச்ச தூரம் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு உன்னைக் கொண்டுவரத்தான் வந்தேன். கோபாலபுரம் செக்போஸ்டில் "காலி வண்டியில என்னடா கொண்டு போறே?" என்று போலீஸ்காரன் கேட்டான். "எங்க அக்காவைக் கூட்டிட்டு வரப் போறேன்"னு சொன்னேன். சிரித்தபடி விட்டான்.

ஒரு திருடனைப் பார்க்க வந்தேன் அக்கா. ஏசி அறை, கார், பெரிய மோதிரம். அப்படி ஒரு ஆள் இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! மூப்பர் என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. நாற்றம் எனக்கு வந்தது. சர்க்கரைப் புண்தானே? அவருக்கும் மருந்தில்லை. இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"கேட்டுல பூட்டு கிடையாது தம்பி. அவங்கட்டயே கேளுங்க" என்றார்.

நீ வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். உன் கையைப் பார்த்தேன். வளையல் போடாத கை என்பதால் மணிக்கட்டு எலும்பு நன்றாகத் தெரிந்தது.

ஒன்று கேட்கிறேன். நான் வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தை நீ கையில் வாங்கவில்லை. பெஞ்சில் வைக்கச் சொன்னாய். நான் கிட்டே வந்தால் நீ பின்னால் போனாய், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாய். அங்கே அப்படி ஒரு ஒழுங்கு போல என்று நினைத்தேன். உடுமலை தாண்டும்போதுதான் உறைத்தது. மற்ற சகோதரிகள் யாரும் வாயைப் பொத்தவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கிறது அக்கா.

அம்மாவிடம் நீ நன்றாகக் குண்டாகிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன்.

மிக்கேல்


ஜெப இல்லம், எலப்புள்ளி
20 டிசம்பர் 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பி மிக்கேல் அவர்களுக்கு, சமாதானம் உண்டாவதாக.

சகோதரி இன்பமேரி உபவாசத்தில் இருப்பதால் நான் எழுதுகிறேன். சுகமாயிருக்கிறார்கள். தங்கள் கடிதத்தை வழக்கம்போல் சபையில் வாசித்தோம். என் காலைப் பற்றி எழுதியதையும் வாசித்தேன்.

தாங்கள் என்னைத் திட்ட நினைத்து வந்தீர்கள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தவன். எனக்கு ஒரே மகன். ஒன்பது வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாங்கள் ஜெபித்தோம், வேறொன்றும் செய்யவில்லை. அவனை அடக்கம் பண்ணின அன்றும் தேவன் நல்லவர் என்று சபையில் நின்று பாடினேன். இருபத்தேழு வருஷமாக அதே பாட்டைப் பாடுகிறேன். இனி அதை மாற்ற என்னால் ஆகாது, தம்பி.

மிக்சர் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். தங்கள் தாயாருக்கு என் வாழ்த்துகளைச் சொல்லவும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
ஞானாபரணம்


காந்தலூர்
9 ஜனவரி 2025

அக்காவுக்கு,

அம்மா நலம். கிறிஸ்துமஸுக்கு உனக்கும் சேர்த்து இலை போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எடுக்க விடவில்லை.

மூப்பர் எழுதியதை நான் யாருக்கும் காட்டவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் மேல் எனக்குக் கோபம் அதிகமாகிறதா குறைகிறதா என்று தெரியவில்லை. மருந்து நல்லது என்று அவர் இன்றைக்கு ஒப்புக்கொண்டால் அந்தப் பையன் இன்றைக்குச் செத்ததாகிவிடும் அவருக்கு. அதற்காக நீங்கள் எல்லோரும் இரும வேண்டுமா?

உன்னிடம் மருத்துவமனைக்குப் போ என்று இனி சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். நான் வந்தபோது எனக்காகத் தள்ளி நின்றாய். ஒரே கம்பளியில் படுக்கிற நிமிக்காக எங்கே போய் நிற்பாய்?

மிக்கேல்


ஜெப இல்லம், எலப்புள்ளி
3 பிப்ரவரி 2025

என் தம்பி மிக்கேலுக்கு,

அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் இன்று சாயங்காலம் சபையில் நானே வாசிப்பேன். ஆகவே இது உனக்கும் அவர்களுக்கும்.

எனக்குச் சுகமில்லை. ஆடி மாசத்திலிருந்து ஒரு நாளும் சுகமில்லை. எழுந்து நின்று சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உட்கார்ந்ததும் நிமி என் தோளில் சாய்ந்து அழுதாள், சந்தோஷத்தில். போன மாசத்திலிருந்து இருமினால் துண்டில் ரத்தம் வருகிறது. யாரும் எழுந்திருக்கும் முன்னே துவைத்துவிடுவேன்.

உன் போன கடிதத்தை ஐயா கடைசி வரி வரை வாசித்தார். யாரும் நிமியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் முக்காட்டுக்குள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மூப்பர் ஐயா, சகோதரிகளே, நான் தேவனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என்னைத் தெருவிலிருந்து கூப்பிட்டுச் சோறு போட்டவர் அவர். அப்படிப்பட்டவர், இருமுகிறேன் என்று சொன்னதற்காக என்னைத் தள்ளிவிடுவாரா? தள்ளிவிடுவார் என்று இத்தனை மாசம் பயந்தேனே, அதுதான் என் அவிசுவாசம். எங்கள் அப்பா துரையைப் பார்த்துப் பயந்தது போல நானும் அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். என் தம்பிக்கு எழுதியது பொய். பொய்ச்சாட்சி பாவம் என்று சின்ன வயசில் உபதேச வகுப்பில் படித்தேன். அதற்குக் கீழ்ப்படியப் போகிறேன். அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனாலும் அவர் நல்லவர்தான்.

நாளைக் காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நிமி, நீயும் வா.

இன்பமேரி


அரசு ஆஸ்பத்திரி, பாலக்காடு
21 பிப்ரவரி 2025

அன்பு மிக்கேல்,

பதறாதே. போனில் அம்மாவிடம் பேசினபோது நர்ஸ் பக்கத்தில் நின்றதால் முழுக்கச் சொல்ல முடியவில்லை. டிபிதான். ஆறு மாசம் மாத்திரை. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் செத்தேன் என்று நினைத்தேன். மாத்திரையின் நிறம் என்று நர்ஸ் திட்டினாள். காய்ச்சல் விட்டிருக்கிறது.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் சபையில் ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. ஐயா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சகோதரிக்கு ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்றார். காலையில் நான் பையோடு வந்தபோது கேட் திறந்தே இருந்தது. ஐயா உன்னிடம் சொன்னது உண்மைதான், அதில் பூட்டு மாட்டக் கொண்டிகூட இல்லை. இத்தனை நாள் அதைத் தொட்டுப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

நிமி வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் ஜெப இல்லத்துக்குப் போனார்கள். இரண்டு சகோதரிகள் மட்டும் பரிசோதனைக்குச் சளி துப்பிக் கொடுத்தார்களாம். நிமி தனக்கு இருமலே இல்லை என்று சொல்லிவிட்டாளாம். ஒரு நாள் மிச்ச சாமானை எடுக்க நான் அங்கே போனபோது கிணற்றடியில் நின்றாள். "வாடி, என்னோட வந்துரு" என்றேன். "நான் எதுக்குங்க்கா வரோணும்? ஐயா எனக்கும் எண்ணெய் பூசிட்டாருங்க. நீங்களும் அன்னிக்கு சொகமாயிருச்சுன்னு எந்திரிச்சு நின்னு சொன்னீங்கல்ல? அதக் கேட்டுத்தானுங்க நானும் இங்கயே ஒப்புக்கொடுத்தேன். இப்ப நீங்க மாத்திப் பேசுனா நான் எதையுங்க நம்பறது?" என்றாள்.

சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா
இன்பமேரி


காந்தலூர்
6 மார்ச் 2025

அக்காவுக்கு,

அம்மா உனக்காகக் கோழி வளர்க்கிறாள். முட்டை, சூப்பு, எல்லாத் திட்டமும் போட்டாயிற்று. ஆஸ்பத்திரியில் விடுகிற அன்றைக்கு ஜீப்போடு வாசலில் நிற்பேன். மாத்திரையை மறையூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விசாரித்துவிட்டேன்.

நிமி விஷயம் உன் தப்பு இல்லை. உன்னைச் சொல்ல வைத்தவர்களின் தப்பு. கைதட்டியவர்களின் தப்பு. அவளுக்கு ஒரு அப்பன் இருக்கிறான், கஞ்சிக்கோட்டில் கம்பெனியில் வேலை செய்கிறான், மகள் தலையிலிருந்து இறங்கியது போதும் என்று இருக்கிறான். அவன் தப்பு. எல்லோரும் செய்ததை நீ ஒருத்தி ஏன் சுமக்கிறாய்? நம்ம வீட்டு ஆட்கள் எப்போதும் இப்படித்தான். மற்றவர்கள் கூடையையும் சேர்த்துத் தூக்குவோம்.

கிளம்பி வா. போதும்.

மிக்கேல்


மேற்பார்வை: கௌலத் டெய்லர்ஸ்
எலப்புள்ளி
14 ஏப்ரல் 2025

என் தம்பி மிக்கேலுக்கு,

உடம்பு தேறுகிறது. ரவிக்கையின் உள்தையலை ஒரு வரிசை பிரித்திருக்கிறேன். இது பொய்யில்லை, கௌலத் அக்காவிடம் வேண்டுமானால் போனில் கேள். ஆஸ்பத்திரியில் விட்ட அன்றைக்கு நீ ஜீப்போடு வந்து நின்றாய், நான் ஏறாமல் உன்னைத் திருப்பி அனுப்பினேன். அம்மாவிடம் என்ன சொன்னாயோ. என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொள்.

கௌலத் அக்கா தன் தையல் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையைக் கொடுத்திருக்கிறார். ராவுத்தர் வீட்டுப் பெண். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தந்தார். "ஏம்மா, உங்க சாமி மாத்திர வேண்டாம்னா சொல்லுச்சு? எங்க உஸ்தாது சுகர் மாத்திரயப் போட்டுட்டுத்தான் ஓத உக்காருவாரு. அல்லாஹ் ஒண்ணும் கோவிச்சுக்கலையே" என்றார். சிரித்தேன். சிரித்தால் இப்போது இருமல் வருவதில்லை.

காந்தலூருக்கு வர எனக்கு ஆசையில்லை என்று நினைக்கிறாயா? ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் குளிர்தான் முகத்தில் அடிக்கிறது. ஆனால் என் வாயால் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். சொல்ல வைத்தது யாராக இருந்தாலும் குரல் என்னுடையது. நீ சொன்ன எல்லோரும் தப்புச் செய்தவர்கள்தான். அவர்களில் ஒருத்தரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. போ என்று தேவன் என்னிடம் சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமானால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. இதற்குப் பெயர் கீழ்ப்படிதலா என்று இப்போது நான் யாரையும் கேட்பதில்லை.

தினமும் ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் ஜெப இல்லத்து மதில் ஓரம் போய் நிற்பேன். பாதி நாள் நிமி வரவே மாட்டாள். வந்தாலும் ஆட்டைப் பற்றி, மாம்பழத்தைப் பற்றிப் பேசுவாள். மெலிந்துவிட்டாள். மூப்பர் ஐயா ஒரு நாள் ஜன்னலில் இருந்து என்னைப் பார்த்தார். விரட்டவில்லை. இப்போது அவரால் எழுந்து நடக்க முடியவில்லையாம்.

நேற்று நிமி தானாக வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, அந்த மாத்திரயத் தின்னா வயிறு ரொம்ப பிரட்டுமுங்களா?"

மிக்கேல், அந்த நேரத்தில் என் வாய்க்குள் என்ன வந்தது தெரியுமா? அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, மிட்டாய் மாதிரி இருக்கும் என்று வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அப்போதே மதிலைத் தாண்டி வந்திருப்பாளோ என்னவோ. இவளுக்கு நான் ஏற்கனவே ஒரு தடவை நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

"பிரட்டும்டி" என்றேன். "முதல் மாசம் சோறே எறங்காது. மூட்டு வலிக்கும். ஆறு மாசம் ஒரு நாள் விடாமத் திங்கணும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ஆராதனைக்குப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. மதில் பக்கம் கிளம்ப வேண்டும். அம்மாவைக் கோழியை அடித்துக் குழம்பு வைத்து நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடச் சொல், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அக்கா
இன்பமேரி